பதினெட்டு நிறைவதற்கு முன்னால்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

என் மகளுக்கு மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. 2019ஆம் ஆண்டு அவளுக்கு 18 வயது நிறைந்த அன்று சிவன்மலைக்கு அழைத்துச் சென்று அர்ச்சனை செய்துவிட்டு, காங்கயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) திரும்பினோம். அடுத்த மாதம் அவளுடைய பராமரிப்பு உதவித்தொகையை எடுப்பதற்காக வங்கிக்குப் போனபோது, முகப்பில் இருந்தவர் பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க அம்மா, இனி உங்க கையெழுத்துல பணம் எடுக்க முடியாதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பாதுகாவலர் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதை வாங்கிக் கொண்டு மறுபடியும் போகும் வரை 7 மாதங்கள் அந்தப் பணம் கணக்கிலேயே கிடந்தது.

பிறந்ததிலிருந்து நம் பிள்ளையைப் பார்த்துவந்த மருத்துவர், பள்ளி, சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோரில் எவருமே, "இனி இன்னாரிடம் போங்கள்" என்று கையைப் பிடித்து இன்னொருவரிடம் ஒப்படைப்பதில்லை. குழந்தைகளுக்கான ஏற்பாடு ஒரு பக்கம் முடிகிறது, வயது வந்தோருக்கான ஏற்பாடு வேறொரு அலுவலகத்தில் வேறொரு படிவத்துடன் தொடங்குகிறது, இடையில் உள்ள தூரத்தைப் பெற்றோரே நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 14, 15 வயதில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை, நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கை கால் குறைபாடோ, பார்வை அல்லது செவித்திறன் குறைபாடோ மட்டும் உள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் பற்றிய பகுதி தேவைப்படாது; 18 வயதில் அவர்கள் தங்கள் முடிவுகளைத் தாங்களே எடுக்கும் முழு உரிமை பெற்றவர்கள்.

18 வயதில் எது முடிகிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. வட்டார வள மையத்திலிருந்து வீடு தேடி வரும் சிறப்பாசிரியரும், மையத்தில் நடக்கும் பயிற்சியும் இந்தப் பள்ளி ஏற்பாட்டைச் சேர்ந்தவை. அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையமும் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. இவற்றோடு, பெற்றோர் என்ற முறையில் நமக்கு இயல்பாக இருந்துவந்த பாதுகாவலர் உரிமையும் அந்த நாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாத செய்தி. சட்டத்தின் பார்வையில் நம் மகனோ மகளோ அன்று முதல் தனி மனிதர். அவருக்காகக் கையெழுத்துப் போட, பெற்றவர் என்பதால் மட்டும் நமக்கு அதிகாரம் கிடையாது.

15, 16 வயதில்: கோப்பைச் சேர்த்து வைத்தல்

முதல் வேலை ஒரு கெட்டியான கோப்பு வாங்குவது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், உளவியலாளர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கைகள், மூளை ஸ்கேன், இ.இ.ஜி. (மூளை மின் அலைப் பதிவு) போன்ற பரிசோதனை முடிவுகள், இப்போது கொடுத்துவரும் மருந்துச் சீட்டு ஆகிய அனைத்தையும் ஆண்டு வாரியாக அதில் அடுக்குங்கள். ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 வயதுப் புதுப்பிப்பை விட்டுவிட்டால் பிறகு வங்கியில் கைரேகை பொருந்தாமல் அலைய நேரும். விரல்களை விரிக்க இயலாத பிள்ளையாக இருந்தால் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, பிள்ளையின் கை தளர்ந்திருக்கும் நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

எல்லா ஆவணத்திலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டுதான் உருவானது. அதற்கு முன் காங்கயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டத்திலும், அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டை ஆகியவை கோயம்புத்தூர் மாவட்டத்திலும் இருந்தன. எனவே அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டமும் ஆதாரில் வேறொரு மாவட்டமும் இருக்கும். அது பிழை அன்று. திருத்தம் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள். எவரேனும் கேட்டால் மாவட்டப் பிரிவினையைச் சொன்னால் போதும்.

கோப்பின் முதல் பக்கமாக, பிள்ளையைப் பற்றி நீங்களே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். எந்தச் சான்றிதழையும்விட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். வலி வந்தால் என் மகள் அழமாட்டாள், வலது காதைப் பிடித்து இழுப்பாள். வயிற்று வலிக்கும் அதே காதுதான். கெட்டியான களியை விழுங்குவாள், தண்ணீரை வேகமாகக் கொடுத்தால் புரையேறும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கோழி கூவும் ஒலி பிடிக்கும், மிக்ஸி ஒலி பிடிக்காது. இத்தனை ஆண்டுகளாக இவையெல்லாம் என் ஒருத்தியின் தலைக்குள் மட்டுமே இருந்தன. எனக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, அவளை உயிராக வைத்துத் தாங்கும் அவளுடைய அம்மிச்சியால்கூட (என் அம்மாவால்கூட) அவள் ஏன் காதை இழுக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நான்கு நாளுக்குப் பிறகுதான் எழுதி வைத்தேன். குழந்தை நல மருத்துவரிடமிருந்து புதிய மருத்துவரிடம் போகும்போதும், பகல் நேர மையத்தில் சேர்க்கும்போதும், பாதுகாவலர் விசாரணையின்போதும் இந்த ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினால், எதிரில் இருப்பவர் பிள்ளையை ஒரு விழுக்காட்டு எண்ணாகப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓர் ஆளாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

17 வயதில்: சான்றிதழைப் புதுப்பிக்க ஆயத்தமாதல்

உங்கள் பிள்ளையின் மருத்துவச் சான்றிதழ் எந்த நாள் வரை செல்லும் என்பதை எடுத்துப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்களின்படி அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழ் 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பிக்கப்பட வேண்டும். 18 வயதில் தரப்படுவது வாழ்நாள் முழுவதும் செல்லும். இந்தக் கடைசி மதிப்பீட்டில் எழுதப்படும் எண்ணைப் பொறுத்தே பின்னர் கிடைக்கும் உதவிகள் அமையும் என்பதால், இதற்கு ஆயத்தமாகப் போக வேண்டும்.

இந்த விழுக்காடு அறிவுத்திறன் எண்ணை மட்டும் வைத்து முடிவாவதில்லை. வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற ஒன்றைக் கொண்டு, அன்றாட வாழ்வில் பிள்ளை தானாக என்னென்ன செய்கிறது என்று பெற்றோரைக் கேட்டுக் கணக்கிடுகிறார்கள். அதில் இலேசான குறைபாடு 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100 விழுக்காடு என வகுக்கப்பட்டிருக்கிறது. அதாவது நாம் சொல்லும் பதில்தான் பாதி மதிப்பீடு. "தானாகச் சாப்பிடுவாளா?" என்று கேட்டால், நம் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல மனம் வராமல், "சாப்பிடுவாளுங்க" என்று சொல்லிவிடுகிறோம், சோற்றைப் பிசைந்து, தட்டை நகராமல் பிடித்து, ஒவ்வொரு கவளத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நாம்தான் என்பதைச் சொல்ல மறந்துபோகிறோம். உதவித்தொகைக்காகக் கூட்டிச் சொல்வதும் தவறு, மானத்துக்காகக் குறைத்துச் சொல்வதும் தவறு. குளித்தல், உடுத்துதல், கழிப்பறை, பணம் எண்ணுதல், தனியே கடைக்குப் போய் வருதல் ஆகிய ஒவ்வொன்றையும் யாருடைய உதவியுமின்றிச் செய்கிறாளா, சொன்னால் செய்கிறாளா, பிடித்துச் செய்விக்க வேண்டுமா என்று ஒரு வாரம் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள்.

மதிப்பீடு அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும், மாவட்ட நிர்வாகம் நடத்தும் சிறப்பு முகாம்களிலும் நடைபெறும். முகாம் நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இழுத்தடிக்கப்பட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பிள்ளையைக் கேட்டல்

அடுத்த படிக்குப் போகும் முன் இதை நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரில் என் மகளுக்கு இன்றும் பெயர் பாப்பாதான், வீட்டுக்கு வருகிற உறவினர்கள் அவளுக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து, "பாப்பா சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்பார்கள். அது அன்புதான். ஆனால் 18 வயதுக்குப் பிறகு எடுக்கப்படும் எல்லா முடிவும் அவளுடைய நாளை, அவளுடைய உடலை, அவளுடைய பணத்தைப் பற்றியவை. அவளால் நீண்ட வாக்கியம் பேச முடியாது. ஆனாலும் இரண்டு துணியை நீட்டினால் ஒன்றைப் பிடிக்கிறாள், பிடிக்காத இடத்துக்கு வண்டி திரும்பினால் காலை உதைக்கிறாள். படம் காட்டியோ, பொருளைக் காட்டியோ, ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டிவிட்டோ கேட்டால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பதில் சொல்கிறார்கள். 16 வயதிலிருந்தே சிறிய முடிவுகளில் இதைப் பழக்குங்கள். வேறொருவர் கேள்வி கேட்டால், நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிறிது நேரம் காத்திருப்பதுதான் இதில் பெற்றோருக்குக் கடினமான பாடம்.

18 நிறைந்தவுடன்: பாதுகாவலர்

தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) என்ற மத்திய அரசு அமைப்பை உருவாக்கிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். 18 வயது நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பது இந்தக் குழுதான். இதற்காக நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். தேசிய அறக்கட்டளையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது; இயலாதவர்கள் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் உதவியையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் உதவியையோ நாடலாம்.

குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், 17 வயதிலேயே எல்லாத் தாள்களையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு 18 நிறைந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். எங்களைப் போல் வங்கியில் போய் நின்ற பிறகு தொடங்காதீர்கள்.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்தெந்தக் காரியங்களுக்கு என்பதைக் குழு ஆராய்ந்தே நியமிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவர் கையில் ஒப்படைப்பது கட்டாயமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டமும், மாற்றுத்திறனாளியும் பாதுகாவலரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையையே முன்வைக்கிறது. இலேசான குறைபாடுள்ள பிள்ளை கையெழுத்துப் போடப் பழகியிருந்தால், தன் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்த முடியுமானால், அதைப் பறித்துவிட்டு முழுப் பாதுகாவலராக வேண்டியதில்லை. முதலில் வங்கியில் பேசிப் பாருங்கள்.

நியமிக்கப்பட்ட பாதுகாவலர் உரிமையாளர் அல்லர். நியமனத்திலிருந்து 6 மாதத்துக்குள், தன் பாதுகாப்பில் உள்ள மாற்றுத்திறனாளியின் அசையும் அசையாச் சொத்துகளின் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்; ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். பாதுகாவலர் கொடுமை செய்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, அவரை நீக்கும்படி பெற்றோரும் உறவினரும் பதிவு பெற்ற நிறுவனமும் குழுவிடம் முறையிடலாம்.

பெற்றோருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான்: "மூத்தவன் பாத்துக்குவானுங்க." அவனைக் கேட்டீர்களா? அவனுக்கு வரப்போகும் மனைவியிடம் பெண் பார்க்கும் நாளிலேயே சொல்வீர்களா? என் மகனுக்கு 20 வயதானபோது வாய்க்கால் மேட்டில் உட்கார வைத்து நேரடியாகக் கேட்டேன். அவன் உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, பணத்தையும் மருத்துவத்தையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் அவளுடன் முழு நேரம் இருக்க ஒருவர் வேண்டும், அதற்கு வழி செய்துவிட்டுப் பேசுங்கள் என்றும் சொன்னான். அந்த நேர்மையான பதில், கேட்காமலேயே ஒப்புக்கொண்டதாக நினைத்திருந்த என் எண்ணத்தைவிடப் பல மடங்கு பயனுள்ளதாக இருந்தது. அன்று முதல்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணை வாரத்தில் மூன்று நாள் வரவழைத்து என் மகளுடன் பழக்கத் தொடங்கினோம்.

சொத்துப் பங்கீடு

தோட்டமும் காடும் பங்காளிகளுக்குள் பிரியும் எங்கள் கொங்கு நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 28ஆம் பிரிவு, நோயையோ குறைபாட்டையோ ஊனத்தையோ காரணம் காட்டி எவருடைய வாரிசுரிமையையும் மறுக்க முடியாது என்கிறது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இலேயே தந்தது. அதில் இருந்த வரம்புகளை 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் நீக்கியது. எனவே அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்கும் அவளுடைய உடன்பிறந்தவர்களைப் போலவே பங்கு உண்டு.

நடப்பில் என்ன நேர்கிறது? 18 வயது நிறைந்தவுடன், "சும்மா ஒரு கைநாட்டுதானுங்க" என்று, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் பெருவிரலைப் பதிக்கச் சொல்லி எவரேனும் வருகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள இயலாதவரிடம் வாங்கும் ஒப்புதல் சட்டப்படி செல்லத்தக்க ஒப்பந்தம் ஆகாது. இருந்தாலும் அதை நீக்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியவர்கள் நாம்தான். பத்திரம் எதிலும் பிள்ளையின் விரலைப் பதிக்க விடாதீர்கள், கேட்பவர் சொந்த அப்பாருவாக (தாத்தாவாக) இருந்தாலும் சரி. முழுவதையும் மூத்தவன் பெயரில் எழுதிவிட்டு வாய் வார்த்தையாக ஒப்படைப்பதற்குப் பதிலாக, பிள்ளைக்கு வாழ்நாள் அனுபவ உரிமை வைத்துச் செட்டில்மெண்ட் எழுதுவதா, அறக்கட்டளை அமைப்பதா, உயில் போதுமா என்று உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரைக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள்.

பெற்றோரில் ஒருவர் அரசுப் பணியில் இருந்தால், தானாக ஈட்டிப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதிகளில் இடம் இருக்கிறது. பணியில் இருக்கும்போதே, மருத்துவச் சான்றிதழுடன் பிள்ளையின் பெயரைப் பணிப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கும் உதவித்தொகையும்

உள்ளூர் அளவிலான குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் நடத்தவும் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். சிறுவர் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றும்போது பழைய கணக்கு எண்ணே தொடருமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எண் மாறினால் உதவித்தொகை வரும் அலுவலகத்திலும் மாற்ற வேண்டும்.

தமிழ்நாடு அரசு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2023 ஜனவரியில் அது மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 விழுக்காடும், கடும் பாதிப்பு என்ற பிரிவுக்கு 75 விழுக்காடும் தேவை. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. இரண்டையும் ஒருவரே பெற முடியாது. 18 வயதில் புதிய விண்ணப்பம் போடச் சொல்லி எவரேனும் வந்தால், ஏற்கெனவே வரும் தொகை எந்தத் துறையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் நான்கு குறைபாடுகளுக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை, வயது வரம்பில்லை, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை தேவையில்லை, புறநோயாளிச் செலவும் பயிற்சிக் கட்டணமும் உள்ளடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பலர் இழக்கிறார்கள்.

மருத்துவரை மாற்றுதல்

குழந்தை நல மருத்துவரிடமிருந்து திடீரென்று பிரியாதீர்கள். பிறந்தது முதலான வரலாறு, இதுவரை முயன்று விட்ட மருந்துகள், இப்போதைய அளவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை 17 வயதிலேயே அவரிடம் கேட்டு வாங்குங்கள். வலிப்பு இருந்தால் நரம்பியல் மருத்துவர், நடத்தைச் சிக்கல் இருந்தால் மனநல மருத்துவர், மற்றவற்றுக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவர் என்று பிரித்துக்கொண்டால், சளிக்கும் காய்ச்சலுக்கும் கோவை வரை ஓட வேண்டியிருக்காது. பெருந்துறை, கோவை, சேலம் ஆகிய இடங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களைப் பார்க்கலாம்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். மாதவிடாயைச் சமாளிக்க முடியவில்லை என்று கருப்பையை எடுத்துவிடும்படி உறவினர் யோசனை சொல்வார்கள், என்னிடமும் சொன்னார்கள். மாற்றுத்திறனாளி ஒருவரின் சுதந்திரமான, அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் அவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. என் மகளுக்குத் துணி மாற்றப் பழக்க இரண்டு ஆண்டு பிடித்தது. இன்று பாதி வேலையை அவளே செய்கிறாள். கருப்பையை எடுப்பது அவளை அத்துமீறலிலிருந்தும் காக்காது, நடந்ததை மறைக்க மட்டுமே உதவும். யார் தொடலாம், எங்கே தொடக் கூடாது, பிடிக்கவில்லையென்றால் எப்படிக் கத்த வேண்டும் என்பதைப் படம் வரைந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். உதவிக்கு மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.

பள்ளிக்குப் பின் வரும் பகல் பொழுது

சான்றிதழும் பணமும் ஒழுங்கானாலும், காலை 9 மணிக்குப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்வி நிற்கிறது. பள்ளி நின்ற முதல் ஆண்டு என் மகள் திண்ணையிலேயே உட்கார்ந்து, பள்ளி வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அவளுடைய நடை தளர்ந்தது. பழகிய சொற்களும் குறைந்தன. ஆகவே கடைசிப் பள்ளி ஆண்டிலேயே அடுத்த இடத்தைத் தேடி, வாரத்தில் ஒரு நாளாவது அங்கே அழைத்துச் சென்று பழக்குங்கள்.

இயன்ற பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிப்பைத் தொடரலாம். உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசு வேலையில் 4 விழுக்காடும் இடஒதுக்கீடு இருக்கிறது. மற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சி மையங்களும் பகல் நேர மையங்களும் உள்ளன. தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டு வருகின்றன. உங்கள் வட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மையத்தைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல், பகல் 11 மணிக்குப் போங்கள். பிள்ளைகள் ஏதேனும் செய்துகொண்டிருக்கிறார்களா, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழிப்பறையைப் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கேளுங்கள்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுதல், மடித்தல், பெட்டியில் அடுக்குதல் போன்ற ஒரே மாதிரியான வேலைகள் சில பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. இரைச்சலையும் நெரிசலையும் தாங்காத பிள்ளைக்கு அதே இடம் வதையாகும். தெரிந்தவர் நடத்தும் சிறிய கூடத்தில் அரை நாள் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், வேலைக்கு உரிய கூலியை அவர்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வெளியே அனுப்ப இயலாதவர்களுக்கு வீட்டிலேயே நேரம் பிரித்துக் கொடுக்கலாம். என் மகள் காலையில் ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை வைக்கிறாள்; தேங்காய் உரிக்கும் நாளில் மட்டையைக் கூடையில் போடுகிறாள். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை. வாரம் ஒரு நாள் காங்கயம் சந்தைக்கு நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

இல்லங்களில் வளர்ந்தவர்கள்

பெற்றோர் இன்றிக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு, இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி 18 வயதுக்குப் பிறகு 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு கிடைக்க வழி உண்டு. இதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். இல்லத்தை விட்டு வெளியேறும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே கேட்க வேண்டும்.

வாக்காளர் பட்டியல்

அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பதால் வாக்குரிமை போய்விடாது. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தவர்கள் மட்டுமே பட்டியலில் சேர முடியாது. பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ 17 வயதிலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். சென்ற தேர்தலில் என் மகள் என்னுடன் வந்து விரலில் மை வைத்துக்கொண்டாள்; நான்கு நாள் அந்த விரலை எல்லோரிடமும் நீட்டிக் காட்டினாள்.

ஆண்டுக்கொரு முறை

கோப்பை மூடி வைத்துவிடாதீர்கள். நிராமயாவை உரிய நாளுக்குள் புதுப்பியுங்கள். ஏப்ரல் மாதத்தில் பாதுகாவலர் கணக்கை எழுதத் தொடங்குங்கள். அது ஜூன் இறுதிக்குள் குழுவிடம் போக வேண்டும். உதவித்தொகைக்கு உயிர்வாழ் சான்று கேட்கும் மாதத்தைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் பக்கக் குறிப்பை நாங்கள் ஆடிப் பதினெட்டு அன்று திருத்துகிறோம். பவானிக்குப் போய் வந்த பின் மாலையில் மகன், மகள், அம்மிச்சி, வாரத்தில் மூன்று நாள் வரும் அந்தப் பெண் எல்லோரும் சுற்றி உட்கார, நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். சென்ற ஆண்டு "பால் பிடிக்கும்" என்று படித்தபோது என் மகள் தலையை ஆட்டி மறுத்தாள். அந்த வரியை அடித்துவிட்டுக் காப்பி என்று எழுதினோம். திருத்திய தாளின் ஒரு நகல் கோப்பில் இருக்கிறது, ஒன்று மகனிடமும், ஒன்று அந்தப் பெண்ணிடமும், ஒன்று எங்கள் ஊர் மருத்துவரிடமும் இருக்கின்றன.